பொத்தானின் அளவு, பின்கோடின் இடைவெளி: வாசகர் கேள்வி–பதில்

செயலி, இணையதள வடிவமைப்பின் நுணுக்கங்கள் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் வடிவமைப்பு, நிரல் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: வீட்டுக்கே மளிகை அனுப்பச் செயலி வைத்திருக்கிறோம். கூடையில் பொருளைப் போடுகிறார்கள். முகவரிப் பக்கம் வந்ததும் போய்விடுகிறார்கள். விலையில் குறை இல்லை. வேறு என்ன கோளாறு?
– மளிகைக் கடைக்காரர், ராயபுரம்

பதில்: உங்கள் வாடிக்கையாளர் பத்துப் பேரின் பெயர், முகவரி, கைபேசி எண்ணை, அவர்கள் எழுதித் தந்தபடியே அந்தப் படிவத்தில் அடித்துப் பாருங்கள். எந்தக் கட்டம் மறுக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெயரில் தொடங்குவோம். வெளிநாட்டு வார்ப்புருவை எடுத்துச் செய்த படிவங்கள் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று கேட்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ‘கே’ என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாக இட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சிவப்பில் வரும். புள்ளி வைத்தால் அதுவும் தவறு என்னும். ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வையுங்கள். புள்ளி, இடைவெளி, தமிழ் எழுத்து எதையும் அது தடுக்கக் கூடாது.

அடுத்தது கதவு எண். சென்னையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்தே புழங்குகின்றன. ‘27/12’ என்றுதான் எழுதுவார்கள். எழுத்தும் எண்ணும் மட்டுமே அனுமதி என்று விதி போட்டிருந்தால் அந்தச் சாய்கோட்டிலேயே ஆர்டர் நின்றுவிடும். பின்கோடும் அப்படித்தான். 600013 என்பதை ‘600 013’ என்று எழுதுவது பலருடைய பழக்கம். ஆறு எழுத்தோடு நிறுத்தும் கட்டம் கடைசி இலக்கத்தை விழுங்கிவிடும். இடைவெளியை நீக்குவது நிரலின் வேலை. பின்கோடைக் கொண்டு பகுதியின் பெயரைத் தானாக நிரப்புகிறீர்கள் என்றால், ஒரே பின்கோடில் பல பகுதிகள் இருக்கும் என்பதால் பட்டியலாகக் காட்டித் தேர்வு செய்யவிடுங்கள். ‘கோயில் எதிரில்’, ‘ரேஷன் கடைப் பக்கம்’ என்று எழுத ஓர் அடையாளக் கட்டமும் வேண்டும்; பொருளைக் கொண்டுபோகும் பையனுக்குக் கதவு எண்ணைவிட அதுதான் உதவும்.

கைபேசி எண்ணைத் தொடர்புப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் முன்னால் +91, நடுவில் இடைவெளிகளோடு வரும். பத்து எழுத்து வரம்பு வைத்த கட்டத்தில் எண்ணின் முதல் ஐந்து இலக்கம்தான் மிஞ்சும். முழுவதையும் வாங்கிக்கொண்டு, பிறகு இலக்கங்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஓடிபியை ஒருபோதும் ‘எண்’ வகையாகக் கையாளாதீர்கள்: 048213 என்பது 48213 ஆகிவிடும், சரியான ஓடிபியைத் தவறு என்று சொல்லும். எழுத்து வகையாகவே வைத்து, எண் விசைப்பலகை மட்டும் திறக்கும்படி அமையுங்கள். ஆறு தனிக் கட்டங்கள் அழகாக இருக்கும்; ஆனால் ஒட்டினால் முதல் கட்டத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் படிவங்கள் ஏராளம். ஒரே கட்டம் போதும்.

இன்னொன்று: இணையதளமாக இருந்தால் கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோன் சஃபாரியில் கட்டத்தைத் தொட்டதும் பக்கமே பெரிதாகி, அடுத்த பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும்.

கேள்வி: யுபிஐயில் பணம் போய்விட்டது, ஆனால் எங்கள் தளம் ‘தோல்வி’ என்கிறது. வாடிக்கையாளர் மறுபடி செலுத்துகிறார். இரண்டு முறை எடுத்துவிட்டீர்கள் என்று சண்டை வருகிறது.
– துணிக்கடை உரிமையாளர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் தளத்துக்கு வெற்றி, தோல்வி என்று இரண்டு நிலைகள்தான் தெரிந்திருக்கிறது. மூன்றாவதாக ‘இன்னும் முடிவு வரவில்லை’ என்ற நிலை உண்டு. அதைத் தோல்வி என்று காட்டுவதுதான் சண்டைக்குக் காரணம்.

யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பும்போது கிடைக்கும் பதிலை மட்டும் நம்பாதீர்கள். வழியில் இணைப்பு அறுந்தால் அது வராது. பேமென்ட் கேட்வே (தளத்துக்கும் வங்கிக்கும் இடையில் பணத்தைக் கையாளும் சேவை) உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலை வைத்தோ, நீங்களே நிலையைக் கேட்டுப் பார்த்தோ முடிவு செய்யுங்கள். அதுவரை திரையில் ஆர்டர் எண், தொகை, ‘உறுதிசெய்துகொண்டிருக்கிறோம், மறுபடி செலுத்த வேண்டாம்’ என்ற வரி, கடையின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். 12 இலக்க யுபிஐ குறிப்பு எண் கிடைத்ததும் அதையும் நகலெடுக்கும் வசதியோடு காட்டுங்கள். வங்கியில் கேட்க அதுதான் பிடி.

பொத்தானை ஒருமுறை தொட்டதும் முடக்கிவிட்டோம், போதாதா என்று நிரலாளர் கேட்பார். போதாது. பக்கத்தைப் புதுப்பித்தால் பொத்தான் மீண்டும் உயிர்பெறும். ஒரே ஆர்டருக்கு இரண்டாவது கட்டணக் கோரிக்கை வந்தால் சர்வரே அடையாளம் கண்டு நிறுத்த வேண்டும். பணம் எடுக்கப்பட்டும் கடைக்கு உறுதி வராத யுபிஐ பரிவர்த்தனையை 5 நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு ₹100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. அதையும் அந்தத் திரையில் ஒரு வரியாக எழுதுங்கள். பதற்றம் பாதி குறையும்.

கேள்வி: மீன் ஆர்டர் எடுக்கும் செயலி. அலுவலகத்தில் நன்றாக ஓடுகிறது, துறைமுகத்தில் யாராலும் பயன்படுத்த முடியவில்லை.
– மீன் வியாபாரி, காசிமேடு

பதில்: வெயிலும் ஈரமும்தான் வேறுபாடு. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் எழுத்தின் நிறமாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, ஏறத்தாழ 2.8:1. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்த வகுத்த அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1, #767676 அதைச் சற்றே தாண்டும். வெயிலில் நின்று படிக்க அதுவும் பற்றாது. விலை, எடை, மீன் பெயர் மூன்றையும் கருப்பிலேயே போடுங்கள்.

தொடுதிரைகள் விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு தொடுதலை அறிகின்றன. திரையில் நீர்த்துளி நின்றால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும், அல்லது விரலைத் தவறவிடும். ஆகவே பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும்: ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பரிந்துரைப்பது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரை அளவின் அலகு), அதாவது கிட்டத்தட்ட 9 மி.மீ. பலர் செய்யும் பிழை, 24 டிபி படத்தை வைத்து அந்தப் படத்தை மட்டுமே தொடக்கூடியதாக விடுவது. படம் சிறிதாக இருக்கலாம்; தொடும் பரப்பு சிறிதாகக் கூடாது. ‘நீக்கு’ பொத்தானை ‘சேர்’ பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எடையை அடிக்கச் சொல்லாமல் ‘அரைக் கிலோ’, ‘முக்கால் கிலோ’, ‘ஒரு கிலோ’ என்று பொத்தான்களாகவே கொடுங்கள்.

கேள்வி: திரை மாறும் அசைவு எத்தனை விநாடி இருக்கலாம்?
– மாணவர், திருவொற்றியூர்

பதில்: 0.2 முதல் 0.3 விநாடி. கைபேசி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அதையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் சரியாக இருந்த திரை தமிழுக்கு மாற்றியதும் குலைகிறது. எழுத்துகள் பாதியில் வெட்டுப்படுகின்றன.
– வடிவமைப்பாளர், பெரம்பூர்

பதில்: எழுத்து எண்ணிக்கையில் சிக்கல். ‘தண்டையார்பேட்டை’ நம் கண்ணுக்கு 8 எழுத்து; கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 15 குறியீடுகள். 8-க்கு மேல் வெட்டு என்று நிரல் எழுதினால் ‘தண்டையார’ என்று புள்ளி இழந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்துகளாகப் பிரித்து வெட்டும் வசதி இன்றைய நிரல்மொழிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ்ஸும் தமிழில் சுருங்குகிறது: ஆங்கிலத்தில் 160, தமிழில் 70 குறியீடுகள், தாண்டினால் இரண்டு செய்திக்குக் கட்டணம்.

வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு வையுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் ‘மு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் உரசும். பெட்டிகளுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள். ‘சமர்ப்பிக்கவும்’ பொத்தானில் அடங்கவில்லை என்று எழுத்தைச் சிறிதாக்குவதை எங்கும் பார்க்கிறோம். சொல்லை மாற்றுங்கள்: ‘அனுப்பு’. பணம் கட்டும் இடத்தில் ‘₹480 செலுத்து’.

கேள்வி: மூன்றே பேர் உள்ள குழு. இந்த வாரம் எதைத் திருத்த?
– தொழில்முனைவர், வியாசர்பாடி

பதில்: பணம் தொடர்பான பிழை முதலில். பிறகு, அடித்ததெல்லாம் அழிந்துபோகும் இடங்கள்: ஒரு கட்டம் தவறானால் படிவம் முழுவதும் காலியாவது, திரும்பிப் போனால் கூடை வெறுமையாவது. அதன்பின் படிக்க முடியாத எழுத்து, தொட முடியாத பொத்தான். நிறமும் நிழலும் கடைசி. பட்டியல் போடுமுன் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றில், மொபைல் டேட்டாவில், செயலியைப் பார்த்தேயிராத ஒருவரிடம் ஓர் ஆர்டர் போடச் சொல்லுங்கள். இடையில் விளக்கம் கொடுக்காதீர்கள்; அவர் விரல் தயங்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.