பையன் கிட்டாரே கதியென்று இருக்கிறானா? பிரையன் மே வளர்ந்த வீட்டைப் பாருங்கள்

"பிளஸ் ஒன் படிக்கிறான், நல்லாப் படிக்கிற பையன்தான். ஆனா கிட்டாரை எடுத்தா கீழே வைக்கிறதில்லை. இப்ப கூட்டாளிகளோட சேர்ந்து பேண்ட் வேற ஆரம்பிச்சிருக்கான். கிட்டாரை எடுத்து உள்ளே வெச்சுப் பூட்டிடலாமா?"

பூட்ட வேண்டாம். அதே நேரம், "படிப்பு வேண்டாம், இசைதான்" என்று அவன் இப்போதே சொன்னால் அதற்கும் தலையாட்ட வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்பதற்கு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான குவீனின் கிட்டாரிஸ்ட் பிரையன் மேயின் இளமைக்காலத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மேடையில் ஜொலித்த காலத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை மட்டும் பாருங்கள்.

1947-ல் லண்டனின் மேற்கு ஓரத்தில் பிறந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா ஹெரால்டு மே மின்னணுத் துறையில் வேலை பார்த்தவர். முதலில் மகனுக்கு உகுலேலே பாஞ்சோ என்ற சின்ன நரம்புக் கருவியை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் வந்தது. அதோடு நிற்காமல் பையன் அதிலேயே கை வைத்தான்: சிறு காந்தங்களில் செம்புக் கம்பி சுற்றி, கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப் செய்து பொருத்திப் பார்த்தான்.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் வசதி வீட்டில் இல்லை. 1963 ஆகஸ்டில், பதினாறு வயதில், அப்பாவும் மகனும் சேர்ந்து சொந்தமாகவே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். முடிக்கச் சுமார் இரண்டு ஆண்டுகள் ஆயின. கழுத்துப் பகுதிக்கு ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மஹோகனி மரம். அதில் இருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். உடம்புக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். விரல் வைத்து அழுத்தும் ஃப்ரெட் பலகையில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கையால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு.

இதில் ஒரு பெற்றோர் கவனிக்க வேண்டியது, பையன் தீர்த்த சிக்கல்களை. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவிசை கொடுக்கும். அதை அந்த ஸ்பிரிங்குகள் சமன் செய்ய வேண்டும். ட்ரெமோலோ பிடியை அழுத்திவிட்டால் சுருதி ஏன் கலைகிறது? கம்பியை இரு முனையிலும் தாங்கும் நட்டிலும் பிரிட்ஜிலும் அது உராய்ந்து, பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடுவதால். எனவே பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடத்தில் சிறு உருளைகள், ட்ரெமோலோ அசைய ஒரு கத்தி முனை என்று உராய்வு வரும் இடங்களையெல்லாம் தேடித் தேடிக் குறைத்தார்கள். வீட்டில் செய்த பிக்கப்பில், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தால் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. காந்த முனைகளை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்ததுதான் காரணம். பிறகு பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப் மூன்றை வாங்கினார்கள். அவை அதிர்ந்து கீச்சிடாமல் இருக்க உள்ளே எப்பாக்சி பசை ஊற்றி இறுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆன்-ஆஃப் சுவிட்சும் ஃபேஸ் (அலையின் போக்கு) மாற்றும் சுவிட்சும் வைத்து, மூன்றையும் தொடர் இணைப்பில் கோத்தார்கள். பிளஸ் டூ இயற்பியலில் வரும் விசை, உராய்வு, காந்தப்புலம், அலை எல்லாம் அந்த ஒரு மரக்கட்டையில் இருக்கின்றன. பள்ளியிறுதியில் மே எடுத்த பாடங்களும் இயற்பியல், கணிதம், பயன்பாட்டுக் கணிதம்தான்.

ஆகவே உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது, பையன் எத்தனை மணி நேரம் வாசிக்கிறான் என்பதை இல்லை. கிட்டாரோடு என்ன செய்கிறான் என்பதை. கம்பி மாற்றத் தெரியுமா? பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய ஸ்வரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று தெரியுமா? ஜாக்கில் வயர் விட்டுப்போனால் சால்டரிங் வைக்கிறானா, அல்லது அப்படியே மூலையில் சாத்திவிடுகிறானா? தாளக் கணக்கு காட்டும் மெட்ரோனோம் போட்டு, நான்கு பேரோடு சேர்ந்து, அரை மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்க முடிகிறதா? எடுத்த வேலையை முடிக்கிற பிள்ளையா என்பது இதில் தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது.

அடுத்து பேண்ட். மேயின் முதல் குழுவின் பெயரே "1984" என்ற எண்தான். 1964-ல் பள்ளிக் காலத்தில் டிம் ஸ்டாஃபெல் போன்ற நண்பர்களோடு ஆரம்பித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் டுவிக்கன்ஹாமில் ஒரு தேவாலய மண்டபத்தில் முதல் கச்சேரி. 1965-ல் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த பிறகும் குழு தொடர்ந்தது. 1967 மே மாதம் அதே கல்லூரியில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கச்சேரிக்கு முன் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. அப்படியிருந்தும் 1968-ல், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், குழுவை விட்டு விலகினார், பட்டத்தை முடித்தார். முதல் பேண்ட் கலைந்துபோவது சாதாரணம். அதைத் தோல்வி என்று பிள்ளை எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குழு ஸ்மைல், 1968. கல்லூரி அறிவிப்புப் பலகையில் "டிரம்மர் தேவை" என்று ஒட்டிய சீட்டைப் பார்த்து வந்தவர், பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரோஜர் டெய்லர். ஸ்டாஃபெல் படித்த ஈலிங் கலைக் கல்லூரி வழியாக வந்தவர், வரைகலை மாணவர் ஃப்ரெடி மெர்குரி, பிற்பாடு குவீனின் பாடகர். பின்னால் குவீனில் சேர்ந்த ஜான் டீக்கன் மின்னணுவியலில் முதல் வகுப்பில் தேறியவர். குவீனின் நால்வரும் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். பள்ளி முடிந்ததும் படிப்பை நிறுத்தியிருந்தால் இந்த ஆட்களைச் சந்தித்திருக்கவே முடியாது. ஆகவே பையனுக்குக் கல்லூரி பார்க்கும்போது பிளேஸ்மென்ட் சதவீதத்தோடு இன்னும் மூன்றையும் கேளுங்கள்: மாணவர் இசைக்குழு உண்டா, பயிற்சி அறை மாலையில் திறந்திருக்குமா, டிரம் செட்டும் ஆம்ப்பும் அங்கேயே இருக்கின்றனவா.

பணம் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்மைலுக்கு 1969-ல் ஒரு நிறுவனம் ஒப்பந்தம் கொடுத்தது. வெளிவந்தது ஒரே ஒரு சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு), அதுவும் அமெரிக்காவில் மட்டும், விற்கவில்லை. 1970-ல் ஸ்டாஃபெல் விலக, ஃப்ரெடி வந்து குவீன் பிறந்தது. முதல் ஆல்பம் 1973-ல்தான். அதுவரை மே சும்மா இருக்கவில்லை. விண்வெளித் தூசு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். லண்டனில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் வேலை பார்த்தார். ஆய்வை நிறுத்தியது 1974-ல், ஆல்பங்கள் வெளிவந்து, பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறத் தொடங்கிய பிறகு. அந்த முடிவு அப்பாவை மிகவும் வருத்தியது. கிட்டாரைக் கூடச் சேர்ந்து செய்துகொடுத்த அதே அப்பாதான். உங்கள் பயம் புதிதில்லை. பிறகு 2007-ல் பிரையன் அந்த ஆய்வேட்டை முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஆக, உங்கள் வீட்டுக்கு. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் உள்ள பிரிவை விடாமல் படிக்கட்டும். ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு படிக்க விரும்பினாலும் அது கைகொடுக்கும். புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளில் ஒலிப்பதிவு முதுநிலைப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் தேவை. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்தே ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பில் சேரலாம். தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபாருங்கள்.

வாசிக்கும் நேரத்தைத் தினமும் ஒரே பொழுதில் வையுங்கள். இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு. மணிக்கட்டில் வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பேண்ட் ரிகர்சல் வாரம் ஒரு முறை போதும். பொதுத்தேர்வுக்கு முந்தைய எட்டு வாரம் மேடை நிகழ்ச்சி கிடையாது. ஒரு மணி நேரக் கச்சேரி என்பது சாமான் ஏற்றுவது, சவுண்ட் செக், காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரு முழு நாளை விழுங்கிவிடும். தனி வாசிப்பை மட்டும் தேர்வுக் காலத்திலும் விடச் சொல்லாதீர்கள், தினம் இருபது நிமிடமாவது இருக்கட்டும்.

டிரம்மும் ஆம்ப்பும் உள்ள சின்ன அறையில் சத்தம் 100 டெசிபலை எளிதில் தாண்டும். அந்த அளவில் கால் மணி நேரமே காதுக்குப் பாதுகாப்பு. மேயே காதில் இரைச்சல் கோளாறு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பானை முதல் ரிகர்சலுக்கு முன்பே வாங்கிக் கொடுங்கள்.

யாராவது ஒப்பந்தக் காகிதம் நீட்டினால், பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கையெழுத்துப் போடக் கூடாது. ஆன பிறகும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் போடக் கூடாது. பாடலின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. எது, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.