பறித்து வைத்தால் போதாதா?

வணக்கம். கையா பேர்ன்ஸ்ரைன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பிள்ளைகள் போனுக்கு அடிமையாவதைச் சட்டத்தால் தடுக்கலாம் என்கிறார். எங்கட மகன் தரம் 8. ரியூசன் பயிற்சி வட்ஸ்அப்பில் வருகுதென்று போனைக் கேட்பான். இரவு 11 மணிக்கும் யூரியூப்தான். இதற்குச் சட்டம் எதற்கு? தாய் தகப்பன் பறித்து வைத்தால் போதாதா?
ஒரு தாய், கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

பறிக்கலாம். மாஸ்ரர் அடுத்த பயிற்சியைப் போட்டதும் நீங்களே திருப்பிக் கொடுப்பீர்கள்.

சீற்றன் ஹோல் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கும் பேர்ன்ஸ்ரைன், 'மனக்கட்டுப்பாடு' என்ற பேச்சே கம்பனிகளுக்கு வசதி என்கிறார். ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக ஓடும். தள்ளத் தள்ளப் பக்கத்துக்கு அடியே வராது. நிறுத்த இடம் வைக்காமல் செய்த சாமானோடு, நேரத்தைக் கட்டுப்படுத்த ஒரு பொத்தானையும் தந்து பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

சிகரெட்டிலும் இதுதான் நடந்தது. 1950கள் முதல் அமெரிக்காவில் புகைத்தவர்கள் போட்ட வழக்குகள், 'நீயாகத்தானே பற்றவைத்தாய்' என்ற பதிலில் தோற்றுக்கொண்டே இருந்தன. மாநிலங்களே வழக்காளியாக வந்த பிறகுதான், 1998இல், கம்பனிகள் 46 மாநிலங்களோடு இணக்கத்துக்கு வந்தன. 2023 ஒக்ரோபரில் 33 மாநிலங்கள் சேர்ந்து, பேஸ்புக்கும் இன்ஸ்ரகிராமும் நடத்தும் மெற்றா கம்பனி மீது போட்ட வழக்கும் அதே தடம்தான்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்றால் வழக்கு கடைக்காரர் மீது. பிள்ளையை ஏன் வளர்க்கத் தெரியவில்லை என்று தாயை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. போனுக்கு அப்படி ஒன்று இங்கே இல்லை. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ன சொல்லப்படுகிறது என்று பார்க்கிறது. வீடியோ எப்படி ஓடுகிறது என்பது அதன் கவலை அல்ல.

சட்டம் தவறிப்போவதும் உண்டு. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டைத் தடுத்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள இலக்கத்தில் நுழைந்தார்கள். கைத்தொலைபேசி விளையாட்டுகளோ சட்டத்துக்குள் வரவேயில்லை. கடைசியில் கைவிட்டார்கள். அது பிள்ளையைப் பூட்டிய சட்டம். 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலியச் சட்டத்தில், 16 வயதுக்குக் குறைந்தவர் சமூக ஊடகக் கணக்கு வைப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காவிட்டால் 4.95 கோடி அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம் கம்பனிக்கு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ ஒரு சதமும் இல்லை. எனக்கு இந்தப் பக்கம்தான் சரியாகப் படுகிறது.

இனி உங்கள் வீடு. யூரியூப்பில் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பார்த்த வரலாற்றையும் நிறுத்தி, பழையதை அழித்துவிடுங்கள். இரண்டும் செய்தால்தான் முகப்புப் பக்கம் வெறுமையாகும். பார்க்க வேண்டியதைத் தேடி எடுக்க வேண்டிவரும். பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தக் கூகுள் தரும் ஃபமிலி லிங்கில் யூரியூப் செயலிக்கு 30 நிமிடம் வைத்தால், பிள்ளை குரோமில் போய் அதே யூரியூப்பைத் திறக்கும். ஆகவே செயலிக்கு மட்டுமன்றி முழுப் போனுக்கும் இரவு 9 மணிப் பூட்டுப் போடுங்கள். அம்மம்மாவின் போனையும் கணக்கில் எடுங்கள், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான்.

ரியூசன் குழுவில் மகனின் இலக்கத்தை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். பயிற்சித் தாளைப் பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள். தனியே கேட்டால் மாஸ்ரர் சிரிப்பார். வகுப்பில் பத்துத் தாய்மாராகப் போய்க் கேளுங்கள்.