8 வயது மகளுக்கும் 35 வயது அம்மாவுக்கும் பல்லுக்குக் கிளிப் போடலாமா?

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 8 வயது மகளுக்கு மேல் முன்பற்கள் விலகி, கொஞ்சம் எத்தலாக நிற்கின்றன. கீழே ஒரு புதுப் பல் பால்பல்லுக்குப் பின்னால் முளைத்திருக்கிறது. இப்போதே கிளிப் போடலாமா, இல்லை பெரிய பிள்ளையான பிறகு பார்க்கலாமா? தனக்கும் பல் நெருக்கம் இருக்கிறது, 35 வயதில் இனி முடியுமா?

முதலில் பதில். மகளை இப்போதே காட்டுங்கள், ஆனால் இப்போதே கிளிப் போட வேண்டி வராமல் போகலாம். பெரிய பிள்ளையாகும் வரை காத்திருக்க மட்டும் வேண்டாம். உங்களுக்கும் முடியும், முரசு (ஈறு) நன்றாக இருந்தால்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் மகனுக்கு 12 வயதிலும் எனக்கு 37 வயதிலும் பல் சீரமைப்புச் சிகிச்சை தொடங்கியது. டாக்டர் இல்லை நான். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, பிள்ளைகளின் வாயைத் தினமும் பார்க்கிற ஒருத்தியாகச் சொல்கிறேன்.

மகள் விஷயத்தில் நீங்கள் சொன்னவற்றில் இரண்டு அநேகமாகக் குறைகளே இல்லை. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வருவது இந்த வயதில் வழமை. 11, 12 வயதில் வேட்டைப்பல் (கோரைப்பல்) இறங்கும்போது பெரும்பாலும் அது தானாகவே மூடிக்கொள்ளும். கீழே பின்னால் முளைத்த பல்லும் அப்படித்தான். பால்பல் ஆடி விழுந்ததும் நாக்கு அதை மெல்ல முன்னுக்குத் தள்ளிவிடும். மாதக்கணக்கில் ஆடாமல் இறுகி நின்றால் மட்டும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டி அந்தப் பால்பல்லை எடுக்கலாம்.

அப்படியென்றால் ஏன் இப்போதே காட்ட வேண்டும்? அம்மாவின் கண்ணுக்குப் படாத சில விஷயங்கள் உண்டு. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிப்பது, கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது, விரல் சூப்பும் பழக்கம் இன்னும் விடாமல் இருப்பது, இவற்றைச் சின்ன வயதிலேயே சரிசெய்வது நல்லது. ஒடுங்கிய மேல்தாடையை விரிக்கிற பிளேட்டும், அந்தத் தாடையின் இரண்டு பாதியும் சேரும் நடுப்பொருத்து இறுகுவதற்கு முன்புதான் இலகுவாக வேலை செய்யும். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். உதடு, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கோ இந்த வயது இன்னும் முக்கியம். பிளவில் எலும்பு வைக்கும் சத்திரசிகிச்சையை வேட்டைப்பல் இறங்கும் முன் செய்ய வேண்டியிருப்பதால், கிளினிக்கைத் தவறவிடவே கூடாது.

எத்துப்பல் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவசரம் குறைவு. 7 வயதிலிருந்து இரண்டு கட்டமாகச் செய்த பிள்ளைகளையும், பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்த பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்திருக்கிறது. கடைசியில் பல் வரிசையில் பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு முன்பல் அடிபட்டு உடைவது குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் பிள்ளை செங்குத்தான படிக்கட்டில் இறங்கி ஓடுகிற, அடிக்கடி விழுகிற பிள்ளையென்றால் அந்த ஒரு லாபமும் சின்னதில்லை. அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

எங்கள் பக்கம் "விழப்போற பல்லுதானே" என்று பால்பல்லைக் கவனிக்காமல் விடுகிறோம். பால் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரை நின்று அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியது. அது சொத்தையாகி 6 வயதிலேயே பிடுங்கப்பட்டால் பின்னாலிருக்கும் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும். அப்புறம் வரும் பல்லுக்கு வழி ஏது? அது கோணலாக முளைக்கும், இல்லை உள்ளேயே கிடக்கும். என் வகுப்பில் தெத்துப்பல்லோடு இருக்கும் எத்தனையோ பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேட்டால், "சின்னதுல கடவாப்பல்லு புடுங்கினதுதான் டீச்சர்" என்பார்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இடம்பிடிக்கும் கம்பி ஒன்று வைக்க முடியுமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

இன்னொன்று, 6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அது எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் வந்துவிடும். அதனால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சொத்தையானால் வேறு வராது. ஆயுசுக்கும் அந்த ஒன்றுதான். மகளின் வாயை வெளிச்சத்தில் திறக்கச் சொல்லி, அந்தப் பல்லின் மேல் குழிகளில் கறுப்பு தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

தேத்தண்ணியையும் சொல்ல வேண்டும். ஒருவேளைக்கு எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லைக் கெடுக்கிறது. காலையில் ஒரு கிளாஸ், பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே இன்னொன்று என்றால் பல் தேறவே நேரமில்லை. குளிர்நாட்டில் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள், இடையில் வேண்டாம்.

அடுத்தது வளரும் வயது. கீழ்த்தாடை பின்தங்கி, அதனால் மேல்பல் எத்தி நிற்கிற பிள்ளைகளுக்கு ட்வின் பிளாக் என்ற கழற்றி மாட்டும் பிளேட் கொடுப்பார்கள். பிள்ளை விறுவிறுவென்று உயர்கிற காலத்தில்தான் அது நன்றாகப் பிடிக்கும். பெண்பிள்ளைகளுக்கு அந்த வேக வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முன்பே கடந்துவிடும். எங்கள் குடும்பங்களில் "பெரிய பிள்ளையானதும் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறார்களே, அதற்குள் நல்ல காலம் போய்விடும். ஆகவே இப்போது "பிறகு பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னாலும், 10 வயதில் மறுபடியும் கூட்டிப்போங்கள். அந்த வயதில் வேட்டைப்பல் சரியான பாதையில் இறங்குகிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் போலப் பிந்தும், அதனால்தான் என் மகனுக்கு 12.

அந்த ட்வின் பிளாக் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு துண்டு, கடிக்கும்போது கீழ்த்தாடை முன்னால் வந்து பொருந்தும்படி சரிவாக வெட்டியிருக்கும். முதல் வாரம் அவனுக்கு "ச" வராது, எச்சில் ஒழுகும். பாடசாலையில் சாப்பிடும் நேரம் கழற்றித் தாளில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும் என்று, மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கழுத்துப் பட்டியில் கட்டிவிட்டேன். பிறகு டாக்டர் சொல்லிச் சாப்பிடும்போதும் போட்டுக்கொண்டே சாப்பிடப் பழகினான். போடாமல் மேசையில் கிடக்கிற பிளேட் தாடையை நகர்த்தாது. இதில் பாதி வேலை வீட்டில்தான்.

பல்லில் ஒட்டிக் கம்பி கோர்க்கும் கிளிப், பால்பற்கள் பெரும்பாலும் விழுந்து முடிந்ததும் 12, 13 வயதுக்கு மேல் போடப்படுகிறது. ஒன்றரை, இரண்டு வருடம் வரை போகும். கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்வதால்தான் பல் நகர்கிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் அது. இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம், அதிக அழுத்தம் வேரைத்தான் கெடுக்கும்.

இந்த வயதில் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய சிக்கல் வேறு. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிளிப் வாயிலேயே இருக்க, கிளினிக் நின்றுவிடுகிறது. கம்பி கழன்று கன்னத்தைக் குத்தும், ரப்பர் மாற்ற ஆளிருக்காது, கிளிப்பைச் சுற்றி அழுக்குப் படிந்து பல்லில் வெள்ளைத் திட்டு விழும். பார்க்கவே வயிறு எரியும். கிளிப் போடும் முன்பே அடுத்த இரண்டு வருடம் பிள்ளை எங்கே இருக்கப்போகிறது என்று வீட்டில் பேசுங்கள். இடம் மாறத்தான் வேண்டுமென்றால் சிகிச்சை விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அங்கே தொடர ஒரு இடத்தைப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

கலியாணம் பேசும் நேரத்தில் வந்து ஆறு மாதத்தில் முடித்துத் தரச் சொல்வதும் நடக்கிறது. பல் நம் தேதிக்கு நகராது.

இப்போது நீங்கள். வளர்ந்தவர்களுக்கும் பல் நகரும், அதற்கு வயது எல்லை கிடையாது. கொஞ்சம் மெதுவாகப் போகலாம். முடியாதது தாடையை வளர்ப்பது. தாடை எலும்பே பொருந்தாமல் இருந்தால் வளர்ச்சி முடிந்தவர்களுக்குக் கிளிப்போடு சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். வெறும் பல் நெருக்கம் என்றால் கிளிப்பே போதும்.

ஆனால் முரசு நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு இன்னும் வேகமாகக் குறையும். எனக்கு முதலில் கிளிப் போடவில்லை. பல்லடியில் படிந்த காறையைச் சுரண்டி எடுத்து, துலக்கும்போது இரத்தம் வருவது நின்ற பிறகே அச்சு எடுத்தார்கள். சின்ன வயதில் பிடுங்கிய கீழ்க் கடைவாய்ப்பல்லின் இடத்தில் பின்பல் சாய்ந்து கிடந்தது, அதை நிமிர்த்தவே நாள் எடுத்தது. வெற்றிலை போடும் பழக்கமிருந்தால் தயவுசெய்து விடுங்கள். புகையிலையும் பாக்கும் முரசையும் கெடுக்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லையென்றாலும், எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுத்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கம்பி மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கும். ரொட்டியைக் கடித்து இழுக்க முடியாது, பிய்த்துக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். பேரிக்காயை மெல்லிசாக நறுக்கினேன். பல்லிடுக்குத் துலக்கும் குட்டித் தூரிகையைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

கிளிப் கழற்றியதோடு வேலை முடியவில்லை. பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், எந்த வயதிலும். அதைத் தடுக்கும் ரிட்டெய்னரை முதலில் டாக்டர் சொல்லும் நேரமெல்லாம், பிறகு இரவில் மட்டும் போட வேண்டும். நான் இன்னமும் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.

எங்கே போவது? மகளுக்கு முதலில் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் அல்லது கிட்டியுள்ள அரச ஆஸ்பத்திரியின் பல் பிரிவு. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம், பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது அது. அரச இடங்களில் காத்திருக்கத்தான் வேண்டும், அதனால் பெயரைச் சீக்கிரம் பதிந்துவிடுவது நல்லது. தனியாரிடம் போனால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். ரிட்டெய்னரும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, தவணையாகக் கட்டலாமா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். பொகவந்தலாவையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர், ஒரு நாள் பேர் (அன்றைய நாட்சம்பளம்) போகிறது என்பதைக் கிளினிக்கில் கூச்சமில்லாமல் சொல்லலாம். தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில் தேதி தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.