இடிமழையில் பழுதான தொலைக்காட்சிக்கு வீட்டுக் காப்புறுதியில் இழப்பீடு கேட்பதா, விடுவதா?

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் வசிக்கும் நீங்கள், இடிமழைக்குப் பின் தொலைக்காட்சி இயங்கவில்லை என்றும் திருத்துவதற்கு 45,000 ரூபா கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சி ஒன்றுதான் பழுதென்றால் கைப்பணத்தில் திருத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அதே இடியில் வேறு சாதனங்களும் பழுதாகியிருந்தால் கணக்கு மாறும்.

முதலில் உங்களிடம் உள்ளது எந்தக் காப்புறுதி என்று பாருங்கள். வீட்டுக்கடன் எடுத்தபோது வங்கி கேட்டதற்காகச் செய்த காப்புறுதி பெரும்பாலும் கட்டடத்தை மட்டுமே காக்கும். வீட்டுப் பொருள்களுக்கெனத் தனித்தொகை குறிப்பிடப்படாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது காரணம். மின்னலால் ஏற்படும் சேதத்தை வீட்டுக்கான தீக் காப்புறுதிகள் பொதுவாக ஏற்கின்றன. ஆனால் சாதனம் தனக்குள்ளேயே சூடேறியோ மின்கசிவாலோ பழுதாவதையும், காலப்போக்கில் துருவேறித் தேய்வதையும் விலக்கிவிடுகின்றன. மின்சாரம் போய்த் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் சேதம், காப்புறுதிப் பத்திரத்தில் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய, பெரும்பாலும் கிடைக்காது. கடற்கரையோரம் இருக்கும் நமக்கு அந்தத் துருவேறல் சிறிய விடயம் அல்ல. உப்புவெளியில் என் பழைய ஒலிபெருக்கி ஒன்று இடிமழை நாளில் நின்றுபோனபோது, திருத்துபவர் பின்மூடியைக் கழற்றி, மின்சுற்றுப் பலகையில் செம்புக் கால்களைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்ததைக் காட்டி, “அண்ணன், இது இடி எரிச்சதில்லை, உப்புக்காத்து தின்டது” என்றார். அதற்கு நான் இழப்பீடு கேட்கவில்லை. திருத்துபவரிடம் சொல்லி ‘மின்னல்’ என்று எழுதி வாங்கும் பழக்கம் ஊரில் இருக்கிறதுதான். பொய்த்தகவல் என்று தெரியவந்தால் காப்புறுதியே செல்லாமல் போகலாம் என்பதால், நேர்மையை விட்டாலும்கூட அது புத்திசாலித்தனம் அல்ல.

இனிப் பணக் கணக்கு. உங்கள் பொருள்களின் இன்றைய மதிப்பு 20 இலட்சம், பத்திரத்தில் உள்ள தொகை 10 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகக் காப்புறுதி செய்தவருக்கு அந்த விகிதத்திலேயே இழப்பீடு என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், 45,000 ரூபா இழப்புக்கு 22,500 ரூபாதான் கணக்கில் வரும். ஒவ்வொரு சம்பவத்திலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை 10,000 ரூபா என்றால், கைக்கு வருவது 12,500. அதற்காக, இழப்பீடு கேட்காதவருக்குப் புதுப்பிக்கும்போது கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவையும் இழக்க நேரிடலாம். 2022 ஆம் ஆண்டில் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது இறக்குமதிச் சாதனங்களின் விலையும் சேர்ந்து ஏறியது. அதற்கு முன் எழுதிய தொகையை மாற்றாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருபவர்கள், தங்களுக்குத் தெரியாமலே இந்தப் பாதிக்கணக்குக்குள் இருக்கிறார்கள்.

பல சாதனங்கள் ஒன்றாகப் பழுதாகும்போதுதான் காப்புறுதி பயன் தருகிறது. ஒரு வாடைக்கால இரவில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி, ரூட்டர், குளிர்சாதனப்பெட்டி, நீர்ப்பம்பியின் மோட்டார் எல்லாம் ஒரே இடியில் போயின. எல்லாவற்றையும் ஒரே சம்பவமாகச் சேர்த்துக் கேட்டதால், நான் ஏற்க வேண்டிய தொகை ஒருமுறை மட்டுமே கழிந்தது; மீதி கிடைத்தது. ஆகவே நீங்களும் பம்பி, மின்விசிறி, அழைப்புமணி உட்பட எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அயல்வீடுகளிலும் சேதமென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தை நிறுவ உதவும்.

கேட்பதென்று முடிவெடுத்தால் தாமதிக்காமல் அறிவியுங்கள். பல பத்திரங்களில் இதற்குக் காலவரையறை உண்டு. வாங்கிய பற்றுச்சீட்டு, படங்கள், காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடும் திருத்துநரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ‘பலகை எரிந்துள்ளது’ என்று மட்டும் எழுதினால் போதாது, எதனால் எரிந்தது என்பதும் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை, கழற்றிய பழைய பலகையைக் கடைக்காரர் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.