பூங்காவுக்கு எதிரே உள்ள மனைக்குச் சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் பூங்கா தரையில் இருக்கிறதா, வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நீங்களும் எங்களைப் போல முதன்முதலாக மனை வாங்குகிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன்.

2007-இல் சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வாங்கினோம். சதுர அடி 700 ரூபாய். பூங்காவைப் பார்த்த மனை என்றால் 50 ரூபாய் கூடுதல். அந்த 60,000 ரூபாய்க்காக என் நான்கு வளையல்களையும் விற்றோம். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற புரோமோட்டர் கொடுத்த லேஅவுட் (மனைப்பிரிவு) படத்தில் எங்கள் மனைக்கு எதிரே பச்சை அடித்து, குடை குடையாக மரம் வரைந்திருந்தார்கள். நேரில் போனால் ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். "அதெல்லாம் ஆறு மாசத்துல பார்க் ஆயிடும்மா" என்றார் புரோமோட்டர்.

ஐந்து வருஷம் ஆகியும் முள்காடுதான். கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், பாம்பு வரும். பக்கத்து மனைக்காரர் விற்கப் பார்த்தபோது, வந்தவர்கள் எதிரே இருந்த புதரைப் பார்த்துவிட்டு உள்தெரு விலையைவிடக் குறைத்துக் கேட்டார்கள். பராமரிப்பில்லாத திறந்தவெளி விலையைக் கீழே இழுக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

2012-இல் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் எதிரே கல் நட்டுக் கம்பி வேலி, 'மனை விற்பனைக்கு' என்று தகரப் பலகை. என் வீட்டுக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துப் பார்த்தோம். நல்லவேளை, பதிவாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போயிருப்போம்! வேலி போனது. 2016-இல் சுற்றுச்சுவர், நடைபாதை, இரண்டு ஊஞ்சலோடு பூங்கா திறந்தார்கள்.

2021-இல் எங்கள் வரிசையில் ஒரு மனை சதுர அடி 5,200-க்குப் போனது. அதே சமயம் மூன்றாவது தெருவில் 4,600. மெட்ரோ, பள்ளிக்கூடம் எல்லாம் வந்ததால்தான் விலை ஏறியது என்று யாராவது சொல்வீர்கள். அவை மூன்றாவது தெருவுக்கும் சேர்த்துத்தானே வந்தன? நான் ரியல் எஸ்டேட் தொழிலில் இல்லை. ஒரே லேஅவுட்டில் நான் பார்த்த வித்தியாசம் இது, அவ்வளவுதான்.

அன்று "முள்ளுக்காட்டுக்கு அறுபதாயிரமா, அண்ணிக்குக் கணக்கே தெரியாது" என்று நாலு பேர் முன்னால் சொன்ன என் கொழுந்தனார், இப்போது மகனுக்கு எங்கள் வரிசையிலேயே மனை பார்க்கச் சொல்கிறார். பார்த்துச் சொல்கிறேன், அதில் ஒன்றுமில்லை. அன்று பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை. கிரகப்பிரவேசத்துக்கும் அவர் வரவில்லை, அது வேறு கதை.

கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பைத் தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோதான் போடுகிறார்கள், பூங்காவைப் பார்த்திருப்பதற்கென்று தனியாக ஏறாது. வங்கி அந்த மதிப்பைப் பார்த்துக் கடன் கொடுத்தால் கூடுதல் 300 ரூபாய் கடனில் வராமல் போகலாம், அதற்குக் கைக்காசை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் மூடிவைத்திருந்தார்கள், அப்படியும் நடக்கும். ஏரியைப் பார்த்த மனையைப் பூங்காவோடு சேர்க்காதீர்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கே நின்றது என்று அந்தத் தெருக்காரர்களிடமே கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் தானப் பத்திரத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, நீங்களே நகல் எடுத்துப் பாருங்கள். எங்கள் நகல் இன்னும் பீரோவில், வளையல் வைத்திருந்த டப்பாவில் இருக்கிறது.