ஃபயர்ஃபிளை தொடரைப் பார்க்காமல் செரினிட்டி படத்தைத் திரையிடலாமா?

கேள்வி: குன்னூரில் நண்பர்கள் சேர்ந்து செரினிட்டி போடப்போகிறோம். பாதியில் நிறுத்தப்பட்ட ஃபயர்ஃபிளை என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் தொடர்ச்சியாமே? ரசிகர்களே அதைப் பற்றி ஏன் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்?

பதில்: தொடரைப் பார்க்காமல் போடாதீர்கள். கதை புரியும், வலிக்காது. (முடிவைச் சொல்லப்போகிறேன்.) விமானி வாஷ் விண்கப்பலை ஒருவழியாகத் தரையிறக்கி மூச்சு விடுவதற்குள் கண்ணாடியைத் துளைத்து ஈட்டி பாய்கிறது. அழ நேரமில்லை, அடுத்த சண்டை. முதல் அத்தியாயத்தில் அவர் டைனோசர் பொம்மைகளோடு விளையாடியதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது இடி. அந்த அவசரத்தைப் பலர் இன்றும் மன்னிக்கவில்லை.

2002இல் ஃபாக்ஸ் டிவி 14 அத்தியாயங்களில் 11ஐ மட்டும், அதுவும் வரிசை மாற்றி ஒளிபரப்பியது. முதல் அத்தியாயம் டிசம்பரில் கடைசியாக வந்தது. டிவிடி விற்பனைதான் 2005இல் படத்துக்கு வழி திறந்தது. அதனால் படம் வந்ததே வெற்றி என்பது ஒரு தரப்பு. மனிதர்களை வேட்டையாடும் வெறிக்கூட்டமான ரீவர்கள் உருவான காரணத்துக்கு விடை கிடைத்ததும் அவர்களுக்கு நிறைவு. எதிர்த்தரப்பின் குறையும் நியாயமானதே: தொடரில் கப்பலின் மருத்துவன் சைமன் பணம் கொடுத்து ஆட்கள் மூலம் அரசின் பிடியிலிருந்து தங்கையை மீட்கிறான், படத்தில் தானே உள்ளே போகிறான். பாதிரியார் புக்கின் கடந்தகாலமோ சொல்லப்படாமலே போகிறது.

நேரமில்லையா? முதல் அத்தியாயம், 'அவுட் ஆஃப் கேஸ்', 'அப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' மூன்றையாவது காட்டுங்கள், படம் மறுவாரம். ஆடி மழையில் கரண்ட் போகும், புரொஜெக்டருக்கு யுபிஎஸ் வையுங்கள். குளிரில் கிடந்த லென்ஸ் ஆள் நிறைந்த அறையில் வேர்க்கும்; அரை மணி முன்பே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.