பழைய எல்சிபி கோப்பு டார்க்டேபிளில் வேலை செய்யுமா?

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "தாராசுரம் கோயிலில் 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஓரத் தூண்கள் பீப்பாய் மாதிரி புடைக்கின்றன. அடோபியின் லைட்ரூமில் ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும். இப்போது டார்க்டேபிள் என்ற இலவசப் பட மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அதன் பட்டியலில் என் லென்ஸ் இல்லை. பழைய எல்சிபி கோப்பை (லென்ஸின் வளைவைத் திருத்தும் எண்கள் உள்ள அடோபி கோப்பு) மாற்றிப் பயன்படுத்தலாமா?"

பயன்படுத்தலாம். ஆனால் மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். டார்க்டேபிள் லென்ஸ் விவரங்களை லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறது. அதைப் புதுப்பித்தாலே உங்கள் லென்ஸ் வந்துவிடக்கூடும். ராதெரபி என்ற இன்னொரு பட மென்பொருள் என்றால் இன்னும் சுலபம், எல்சிபி கோப்பை நேரடியாகவே படித்துக்கொள்ளும்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால் கணக்குப் போட வேண்டியதுதான். எல்சிபி, லென்ஸ்ஃபன் இரண்டுமே எக்ஸ்எம்எல் கோப்புகள். நோட்பேடில் திறந்தால் எண்கள் தெரியும், உடனே எடுத்து ஒட்டத் தோன்றும். அப்படி ஒட்டக் கூடாது. நில அளவையில் ஒரு வேலி என்பது 20 மா. வேலியில் எழுதிய எண்ணை மாவாகப் படித்தால் நிலம் என்ன ஆகும்? இங்கேயும் அலகுதான் வேறு. மையத்திலிருந்து உள்ள தூரத்தை அடோபி குவியத் தூரத்தால் வகுத்து அளக்கிறது. லென்ஸ்ஃபனுக்கோ படத்தின் குட்டைப் பக்கத்தில் பாதிதான் 1.

உங்கள் லென்ஸையே எடுத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சாரின் குட்டைப் பக்கம் 24 மி.மீ., பாதி 12. குவியத் தூரம் 24. ஆக விகிதம் 0.5. கோப்பில் உள்ள முதல் திருத்த எண் தூரத்தின் வர்க்கத்தோடு போவதால் அதை 0.25ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவது நான்காம் அடுக்கு, எனவே 0.0625. எல்சிபியில் முதல் எண் −0.08 என்றால் லென்ஸ்ஃபனின் பாலி5 என்ற திருத்தச் சூத்திரத்தில் அது −0.02. முதல்முறை நான் −0.08ஐ அப்படியே ஒட்டிவிட்டேன். திருத்தம் நான்கு மடங்காகி, இரண்டு ஓரத் தூண்களும் உள்பக்கம் ஒடுங்கி, மண்டபம் உடுக்கை போல ஆகிவிட்டது.

ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் தனித்தனி விகிதம், 35 மி.மீ.க்கு 0.343. எல்சிபியில் மூன்றாவது எண்ணும் இருந்தால் பாலி5இல் அதற்கு இடமில்லை. அது பெரிய எண்ணாக இருந்தால் இந்த வழி வேண்டாம், ஹகின் என்ற மென்பொருளில் நீங்களே அளவெடுப்பதுதான் நல்லது. ஓர இருட்டுக்கும் இந்த 0.5 செல்லாது, அங்கே லென்ஸ்ஃபனுக்கு 1 என்பது படத்தின் மூலை.

அப்புறம், சோதிக்காமல் கல்யாண ஆல்பத்தில் கை வைக்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்று மாளிகையின் நீண்ட கல் விளிம்பு ஒன்றை ஃபிரேமின் ஓரத்தை ஒட்டி வைத்து எடுங்கள். திருத்திய படத்தை 100 சதவீத அளவில் திறந்து, அந்த விளிம்பின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். நடுவில் கல் கோட்டை விட்டு விலகினால் எண் தப்பு. கேமராவை அண்ணாந்து பிடித்ததால் கோடு சாய்ந்திருந்தால் பரவாயில்லை. அது லென்ஸின் குறையல்ல, இந்த எண்களால் சரியாவதும் இல்லை.